திஸ்கி மடல்களும் ஒரு நாட்டு நாயும்

இந்தக் காலத்துல போயி யாராவது மெயில் புரோகிராமை மூலநிரல்ல இருந்து கம்பைல் பண்ணி நிறுவுவாங்களாவே என்று குலசேகரம் நண்பர் ஒருவர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். போன்லயே மெயில் வருது, விரலால தள்ளினா போதும், நானும் அதைத்தான் செய்யறேன். ஆனா 1998-க்கும் 2005-க்கும் இடையில தமிழ்ல மடல் எழுதினவங்க, வாங்கினவங்க இந்த வேலையை ஒருதரம் செஞ்சு பார்க்கணும் என்பது என் கட்சி. மற்றவங்க இந்தப் பதிவை இத்தோட விட்டுட்டு டீ குடிக்கப் போகலாம் :-)

விஷயம் இதுதான். யுனிகோடு எல்லா கம்ப்யூட்டர்லயும் ஒழுங்கா தெரிய ஆரம்பிக்கும் முன்னாடி, இணையத்துல தமிழ் எழுதின பலருக்கு திஸ்கிதான் கதி. 1999 சென்னை மாநாட்டை ஒட்டி தமிழ்நாடு அரசு டாம், டாப் என்று வேறு இரண்டு குறியீடுகளைக் கொண்டுவந்தது. ஆனாலும் வெளிநாட்டுத் தமிழர்களும் மடலாடற்குழுக்களும் திஸ்கியை விடவில்லை. மதுரைத் திட்டத்து நூல்கள் கூட ஆரம்பத்தில் அதில்தான் வந்தன. அகத்தியர், மரத்தடி, ராயர் காபி கிளப் எல்லாம் யாஹூ குழுமத்தில் ஓகோன்னு நடந்துச்சு. யாஹூ 2019 கடைசியில் பழைய மடல்களைத் தூக்கப்போறோம் என்று அறிவிச்சாங்க, 2020 டிசம்பர் 15-ல் கடையையே மூடிட்டாங்க. இப்போ அந்தக் காலத்து எழுத்தில் ஒரு பங்கு எங்கே இருக்குன்னா, மடலைத் தன் கம்ப்யூட்டருக்கு இறக்கி வச்சிருந்தவங்களோட பழைய ஹார்டு டிஸ்க்லதான்.

நான் இறக்கி வச்சிருந்தேன். காரணம் தொலைநோக்கு எல்லாம் இல்லை, பேச்சிப்பாறையில டயல்-அப்! போன் பில் எகிறும். கனெக்ட் பண்ணி, எல்லா மடலையும் இழுத்து, லைனைக் கட் பண்ணிட்டு, அப்புறம் பைய உட்கார்ந்து படிக்கிறதுதான் வழக்கம். வெளியே ரப்பர் தோட்டத்துல மழை அடிச்சிட்டு இருக்கும்.

போன வருஷம் ஒரு பொண்ணு கூப்பிட்டா. ஷார்ஜாவில் வேலை பார்த்த என் கூட்டுக்காரனோட மக. அவன் தவறி பல வருஷம் ஆச்சு. அவன் போகும்போது அவளுக்கு எட்டு வயசு. "மாமா, அப்பா ஒங்களுக்கு நிறைய எழுதுவாங்கன்னு அம்மா சொன்னா. ஏதாவது இருக்கா?" என்று கேட்டா. இருக்கு. வாராவாரம் எழுதினவன் அவன். கோப்பைத் திறந்தால் கால், அரை பின்னங்களும், தலைகீழ் ஆச்சரியக்குறியும், தலையில கொம்பு வச்ச ரோமன் எழுத்தும்தான். அந்தக் காலத்து ஆட்களுக்கு இது பழகின முகம்தான். அப்போ பிரவுசரில் என்கோடிங் மெனுவுக்குப் போயி 'யூசர் டிஃபைன்ட்' கொடுத்து, திஸ்கி எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தா தமிழ் வந்துரும். குரோமில் அந்த மெனுவையே எடுத்துட்டாங்க. ஜிமெயிலில் ஏத்தினாலும் அதே கொம்புதான். மடலை முதலில் வாங்கின அவுட்லுக் எக்ஸ்பிரஸ் 2007-ல் விஸ்டா வந்தபோதே போய்ச் சேர்ந்தாச்சு. மடல் இருக்கு, வாசிக்கத் தெரிஞ்ச நிரல் இல்லை. அவ அப்பன் எழுதினதை அவகிட்ட எப்படிக் கொடுக்க?

இங்கேதான் நம்ம நாட்டு நாய் வருது. மட் என்ற மெயில் புரோகிராம். மைக்கேல் எல்கின்ஸ் 1995-ல் ஆரம்பிச்சது. அந்தப் பேருக்கு அர்த்தமே கலப்பு நாய்தான். எலியைத் தொடவேண்டாம், கறுப்புத் திரை, விசைப்பலகை போதும். இதுக்குத் திஸ்கி தெரியாது. ஆனா எழுத்து மாற்றுற வேலையை ஐகான்வி என்ற நிரல்தொகுதிகிட்ட விட்டுரும். லினக்ஸின் கிளிப்சியில் இருக்கிற ஐகான்விக்குத் திஸ்கி தெரியும். 2002-ல் புரூனோ ஹைபிள் என்பவர் எழுதிச் சேர்த்தது. தமிழர் இல்லாத ஒருத்தர் நம்ம எழுத்துக்கு உட்கார்ந்து வேலை பார்த்திருக்கார். அது வெறும் அட்டவணை வேலையும் இல்லை. திஸ்கியில் 'கொ' என்றால் கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தெரியற வரிசையில் மூணு பைட். யுனிகோடில் ககரம் முதலில், ஒகரக் குறி பிறகு. கொம்பைப் பார்த்ததும் கையில பிடிச்சு வச்சுக்கிட்டு, பின்னாடி வர்றது என்னன்னு பார்த்து, இடம் மாத்திப் போடணும். அந்த நிரலைத் திறந்து படிச்சுப் பாருங்க, கொள்ளாம்.

கோப்பை முழுசா ஐகான்வியில் போட்டு மாத்தினா ஆகாதா என்று கேட்பீங்க. ஆகாது. மடல் உள்ளே குவோட்டட் பிரிண்டபிள், பேஸ்64 என்று ஏதாவது உறை போட்டிருக்கும். அதைப் பிரிச்ச பிறகுதான் திஸ்கியே வெளியே வரும். அதுக்கு மெயில் புரோகிராம் வேணும்.

சரி, ரெடிமேடா பொதி கிடைக்குமே, எதுக்குக் கம்பைல்? நியாயமான கேள்வி. புது லினக்ஸ் வச்சிருக்கவங்க அதையே போட்டுக்கலாம் (ஃபெடோரா ஆட்கள் மட்டும் ஜிகான்வி-எக்ஸ்ட்ரா என்ற பொதியையும் சேர்த்துப் போடணும், திஸ்கி அதுக்குள்ள போயிடுச்சு). என் பழைய லேப்டாப்பில் இருக்கிற லினக்ஸுக்குப் புதுப் பொதி வர்றது எப்பவோ நின்னாச்சு. மூலநிரல் அப்படி இல்லை. ஐந்தாறு எம்பி, எங்க ஊர் சிக்னலுக்கே இறங்கிடும். எனக்கு வேணுங்கிறது வட்டுல கிடக்கிற எம்பாக்ஸைப் படிக்க மட்டும்தான். ஐமேப், எஸ்எஸ்எல் எதையும் சேர்க்கவேண்டாம்.

அவிழ்த்து, கன்ஃபிகர் கொடுத்தேன். கர்சஸ் நூலகம் இல்லைன்னு நின்னுச்சு. அதையும் மூலத்துல இருந்து கட்டினேன், அகல எழுத்துக்கான வகை, அதாவது கடைசியில் டபிள்யூ வர்றது. அது இல்லாட்டி யுனிகோடு தமிழ் திரையில சிதறும். திரும்பக் கன்ஃபிகர். அது ஒவ்வொண்ணா விசாரிச்சு 'எஸ்', 'நோ' என்று சொல்லிட்டே போகும். அந்த வரிகளை அவசரப்படாம படிக்கணும். ஐகான்விக்கு எஸ் வந்துச்சா பாருங்க. வரலைன்னா மேல போறதுல பிரயோஜனம் இல்லை. அப்புறம் மேக், பிறகு ரூட்டாக மேக் இன்ஸ்டால். கரண்ட் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு.

கடைசியா மட்ஆர்சி கோப்பில் ஒரே ஒரு வரி: எக்ஸ்-யூசர்-டிஃபைன்ட் என்று தலைப்பில் போட்டு வந்த மடலைத் திஸ்கியா எடுத்துக்கோ என்று சார்செட்-ஹூக் கட்டளை. ஐஎஸ்ஓ-8859-1 என்று பொய் சொல்லி வந்த மடல்களுக்கு கண்ட்ரோல்-ஈ அழுத்தி, சார்செட்டைக் கையால திஸ்கி என்று மாத்தணும். அப்படி நிறைய இருந்துச்சு.

குறையைச் சொல்லாம விட்டா தப்பு. கறுப்புத் திரையில் தமிழ் அழகா வராது, கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் நிக்கும். எஸ்கேப், எஸ் அழுத்தி யுனிகோடாச் சேமிச்சு வேற எடிட்டரில்தான் படிச்சேன். ஹெச்டிஎம்எல் மடலுக்கு வேற துணை நிரல் தேவை. தினசரி பேங்க் மெயில் பார்க்க இது லாயக்கில்லை.

ஆனா அவன் மடல் அத்தனையும் வந்துச்சு. ரப்பர் பால் விலை என்னன்னு கேட்டிருக்கான், அணையில தண்ணி எவ்வளவுன்னு கேட்டிருக்கான், "மக நடக்க ஆரம்பிச்சிட்டா, வீட்டுக்காரி போன்ல சொன்னா" என்று ஒரு மடல் முழுக்க அதையே எழுதியிருக்கான். எல்லாத்தையும் ஒரு கோப்பாக்கி அவளுக்கு அனுப்பியாச்சு.

இன்னும் நாலைந்து மடல் பாக்கி. அவன் ஊருக்கு லீவில் வந்தப்போ ஏதோ பிரவுசிங் சென்டரில் டாப் எழுத்துருவில் அடிச்சது. டாபுக்கு கிளிப்சியில் ஆள் இல்லை. திஸ்கி நிரலைப் பக்கத்துல வச்சுக்கிட்டு நானே ஒண்ணு எழுதிட்டு இருக்கேன். உயிர்மெய் உகர வரிசைக்கு வந்திருக்கேன்.