மருத்துவச் சீட்டில் தமிழ் இல்லையேல் மருந்தும் பாதியே!

நோய்க்கு மருந்து இரு வகைத்து. ஒன்று மருத்துவர் கொடுப்பது. மற்றொன்று நோயாளியின் அறிவு கொடுப்பது. எலும்பு முறிந்தவர்க்கு முன்னதே பெரும்பாலும் போதும். கட்டுப் போட்டவரின் கைத்திறன் எலும்பைக் கூட்டிவிடும். நீரிழிவு அத்தகைய நோயன்று. நீரிழிவுடையார் ஆண்டிற்கு நான்கைந்து முறையே மருத்துவர்முன் அமர்கிறார். எஞ்சிய நாளெல்லாம் உலையில் எவ்வளவு அரிசி இடுவது, எவ்வளவு தொலைவு நடப்பது, காலிற்பட்ட கீறலை என்செய்வது என்பவற்றைத் தாமே முடிவு செய்கிறார். இங்ஙனம் தமக்குத் தாமே மருத்துவராய் இருக்க வேண்டிய ஒருவர்க்கு, அந்நோயைப் பற்றிய எழுத்து அவர் படிக்கும் மொழியில் இல்லையெனின், பாதி மருந்து அவர்க்கு மறுக்கப்பட்டது என்பதே பொருள். வடசென்னையில் நாள்தோறும் நிகழ்வது இதுவே.

இதனை வடசென்னையை வைத்துச் சொல்வதற்குக் கரணியம் உண்டு. இந்நாட்டில் நீரிழிவு பற்றிய ஆய்வு வேரூன்றிய நிலங்களுள் ஒன்று இராயபுரம். மருத்துவப் பேராசிரியர் எம். விசுவநாதன் 1948ஆம் ஆண்டில் அரசு இசுடான்லி மருத்துவமனையில் நீரிழிவிற்கெனத் தனிப்பிரிவு ஒன்றைத் தொடங்கினார். 1954இல் இராயபுரத்தில் அவர் நிறுவிய பொது மருத்துவமனை 1971இல் நீரிழிவிற்கே உரிய மருத்துவமனையாயிற்று. அவர்வழி வந்தோர் நடத்திய ஆய்வுகளை உலக மருத்துவ இதழ்கள் விரும்பி வெளியிட்டன. ஆயின், அம்மருத்துவமனையினின்று கூப்பிடு தொலைவில் வாழும் காசிமேட்டு மீனவரும் துறைமுகத் தொழிலாளரும் அவ்வாய்வுகளின் முடிவுகளில் எத்துணை அறிவர்? விளக்கு எரிகிறது, விளக்கடியில் இருள்!

இருளின் அளவைக் கணக்குகள் காட்டும். 1980களின் இறுதியில் சென்னையில் எடுத்த கணக்கில் அகவை முதிர்ந்தோருள் நூற்றுக்கு 8.2 பேர் நீரிழிவுடையராய் இருந்தனர், சிற்றூர்களில் 2.4 பேரே. 2006இல் எடுத்த கணக்கில் சென்னையில் அது 18.6 ஆயிற்று, பண்ணுருட்டியைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் 9.2 ஆயிற்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நடந்த பேராய்வு 2023இல் வெளிவந்தபோது, இந்தியா முழுமையும் நீரிழிவுடையார் ஏறத்தாழ 10.1 கோடிப் பேர் என்றும், அதன் வாயிலில் நிற்போர் 13.6 கோடிப் பேர் என்றும் மதிப்பிட்டது. இஃது இனிச் செல்வர் நோயன்று. உழைப்பாளர் குடிசையுள் புகுந்துவிட்ட நோய்.

எங்ஙனம் புகுந்தது? வடசென்னையின் உழைப்பு மாறியதை நோக்குக. ஒருகாலத்தில் சென்னைத் துறைமுகத்தில் கூலமும் உரமும் மாந்தர் முதுகின்மேல் இறங்கின. 1983இல் சரக்குப் பெட்டக முனையம் அங்குத் தொடங்கப்பெற்றது. மூட்டை சுமந்த முதுகிற்கு மாறாகப் பொறிகள் தூக்கின. துடுப்புத் தள்ளிய மீனவர் கட்டுமரத்தினின்று பொறிப்படகிற்கு மாறினார். கூடை சுமந்து தெருத்தெருவாய் நடந்த மீன்காரப் பெண்டிர் தானியில் செல்கின்றனர். தொழிற்சாலையில் நெம்பியவர் இன்று பொத்தானை அழுத்துகிறார். உடல்நோவு குறைந்தது நன்றே. ஆயின், மூட்டை சுமந்தவர் உண்ட அதே அளவுச் சோறு இன்றும் தட்டில் வந்து விழுகிறது. சுழல்முறைப் பணியால் உறக்கமும் உணவு நேரமும் குலைந்தன. நள்ளிரவில் பணி முடிந்து வருவோர்க்குத் திறந்திருப்பவை புரோட்டாக் கடைகளே. நடப்பதற்கோ, எண்ணூர் நெடுஞ்சாலையில் சரக்குந்துகள் விட்ட இடம்தான் உண்டு.

உண்ட சோறு குடலில் இனிப்பாகிக் குருதியிற் கலக்கிறது. கணையம் சுரக்கும் இன்சுலின் என்னும் நீர் அவ்வினிப்பைத் தசைக்குள் செலுத்துகிறது. உழைக்கும் தசை அதனை எரித்துவிடும். உழைப்புக் குறைந்து, கொழுப்பு வயிற்றிலும் ஈரலிலும் படிந்தவழி, உடல் இன்சுலினின் ஏவலுக்கு எளிதில் இணங்குவதில்லை. கணையம் மேன்மேலும் சுரந்து ஈடுகட்டுகிறது. பல்லாண்டு ஈடுகட்டியபின் களைத்துப் போகிறது. இதுவே இரண்டாம் வகை நீரிழிவு. தமிழர் உடல்வாகில், ஆள் மெலிந்திருப்பினும் வயிறு பருத்திருத்தல் உண்டு. ஆகலின், எடையை மட்டும் நோக்குதல் போதாது. இடையின் சுற்றளவு ஆடவர்க்கு 90 செண்டிமீட்டரையும் பெண்டிர்க்கு 80 செண்டிமீட்டரையும் எட்டின் விழித்துக்கொள்ளல் வேண்டும்.

இனி, நோயின் பெயரைக் காண்க. மக்கள் வழக்கில் இது 'சர்க்கரை நோய்'. சர்க்கரை என்பது வடசொல் என்பது மட்டுமன்று குறை. அப்பெயர் நோயாளியை வழிதவறச் செய்கிறது என்பதே பெருங்குறை. நோய் சர்க்கரையால் வந்தது, சர்க்கரையை விட்டால் தீர்ந்தது என்று அப்பெயர் கற்பிக்கிறது. அதனை நம்பியவர் தேநீரில் இனிப்பைத் தவிர்த்துவிட்டு, அத்தேநீருக்குமுன் மூன்று தட்டுச் சோறு உண்கிறார். தீட்டிய வெள்ளரிசியும் மைதாவும் குருதியில் விரைந்து இனிப்பாவதை அவர்க்கு யாரும் சொல்லவில்லை. இதனினும் கொடியது ஒன்று உண்டு. மருந்துண்டபின் உணவு தவறின் குருதியில் இனிப்பு 70 மில்லிகிராமிற்குங் கீழே இறங்கி, உடல் வியர்த்து, கைந்நடுங்கி, அறிவு மயங்கும். அந்நேரத்தில் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரிற் கரைத்துக் கொடுத்தல் உயிர்காக்கும் செயல். 'எனக்குச் சர்க்கரை ஆகாது' என்று மறுப்பவர் பெயராற் கெட்டவர். அறிவிழந்தார்க்கோ வாயில் ஒன்றும் ஊற்றாது உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும்.

நீரிழிவு என்னும் தமிழ்ப்பெயர் இதனினும் சிறந்தது. நீர் மிகுதியாய் இழிதலால் நீரிழிவு. மேலைநாட்டார் வழங்கும் பெயர்க்கும் கிரேக்க மூலத்தில் ஊடுகடந்து செல்லுதல் என்பதே பொருள். எனினும், உண்மையை மறைத்தலாகாது: தொடக்க நிலையில் நீர் மிகுதியாய் இழிவதில்லை, தாகமும் தோன்றுவதில்லை. அறிகுறிக்குக் காத்திருந்தார் பலர் கண்ணும் சிறுநீரகமும் கெட்டபின்னரே அறிந்தனர். வெறுவயிற்றில் 100 மில்லிலிட்டர் குருதியில் 100 முதல் 125 மில்லிகிராம் வரை இனிப்பு இருப்பின் நோயின் வாயில். 126உம் அதற்கு மேலும் மறுமுறை நோக்கியும் காணப்படின் நோய். நாற்பதைத் தொடுமுன்னரே குருதியை ஆய்ந்து பார்த்தல் நன்று. பெற்றோர்க்கு நோயிருப்பின் அதற்கும் முன்னரே பார்த்தல் வேண்டும்.

வாயிலில் நிற்போரைத் தடுத்து நிறுத்த இயலுமா? இயலும் என்று காட்டியதும் இராயபுரமே. மருத்துவர் அ. இராமச்சந்திரனும் துணைவரும் வாயில்நிலையில் இருந்த 531 பேரைக்கொண்டு நடத்திய ஆய்வு 2006இல் வெளிவந்தது. அடிக்கடி அறிவுரையும் மருந்தும் இன்றி விடப்பட்டாருள் மூன்றாண்டில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவுற்றனர். மெட்பார்மின் மாத்திரை உண்டாருள் 40.5 பேர். மாத்திரையின்றி, உணவைக் குறைத்தல், நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடத்தல் என்னும் அறிவுரையை அடிக்கடி கேட்டு ஒழுகியவருள் 39.3 பேர். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தும் பயன் கூடவில்லை. அவரே 2013இல் வெளியிட்ட மற்றோராய்வில், ஈராண்டுக் காலம் கைப்பேசியிற் குறுஞ்செய்தி பெற்றுவந்த ஆடவருள் 18 விழுக்காட்டினரும், பெறாதாருள் 27 விழுக்காட்டினரும் நோயுற்றனர். இவை காட்டுவது யாது? வாயில்நிலையில் சொல் மாத்திரைக்கு ஒத்த வலிமையுடையது. சொல்லே மருந்தாயின், அம்மருந்தைக் கேட்போர்க்கு விளங்காத மொழியில் கொடுத்தல், புட்டியின் மூடியைத் திறவாமற் கொடுத்தல் போல்வதன்றோ?

இனிக் காசிமேட்டு மீனவர் ஒருவரை எண்ணிப் பார்க்க. பத்தாம் வகுப்புவரை தமிழிற் படித்தவர். நாளிதழை எழுத்து விடாது படிப்பவர். அவர் கையில் குருதியாய்வுத் தாள் இருக்கிறது, முழுதும் ஆங்கிலம். மருந்துச் சீட்டு இருக்கிறது, அதுவும் ஆங்கிலம். மருந்துகளின் பெயரைத் தெளிவாய், இயன்றவரை பெரிய எழுத்தில் எழுதுக என்று இந்திய மருத்துவ மன்றம் 2016இல் விதித்தது. எழுத்தைப் பெரிதாக்கின் அறியாத மொழி அறிந்த மொழியாகிவிடுமா? உணவிற்கு முன்னா பின்னா என்பதை மருந்துக்கடைச் சிறுவன் சொல்ல அவர் மனத்திற் கொள்கிறார். கால் மரத்துப்போதலும் இந்நோயின் விளைவு என்பதை எவரும் அவர்க்கு எழுதித் தந்ததில்லை. படகடியில் கிளிஞ்சல் கிழித்தது தெரியவில்லை. புண் சீழ்பிடித்தது தெரியவில்லை. காலை எடுக்க வேண்டும் என்றபோதுதான் தெரிகிறது. 'இரவில் இரு அடிகளையும் பார், வெறுங்காலோடு நடவாதே, ஆணிக்காலை நீயே அறுக்காதே, சிறு புண்ணாயினும் மறுநாளே காட்டு' என்னும் நான்கு வரித் தமிழ் அக்காலைக் காத்திருக்கக் கூடும்.

தமிழில் மருத்துவம் எழுதச் சொல்லில்லை என்பார் இன்னும் உளர். அவர்க்கு விடை யாழ்ப்பாணத்தில் உள்ளது. அமெரிக்கராகிய மருத்துவர் சாமுவேல் பிசுக்கு கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தவர். மானிப்பாயில் ஆங்கிலத்தில் நடத்திய மருத்துவக் கல்வியை 1860களில் தமிழுக்கு மாற்றினார்; உடற்கூறும் அறுவையும் வேதியலும் தமிழ் நூல்களாய் வெளிவரச் செய்தார். அந்நூல்களில் வடசொல் மலிந்திருந்தது உண்மையே. ஆயின், தமிழ்மாணவர் தமிழிற் கற்று மருத்துவராயினர் என்பதே ஈண்டுக் கொள்ளத்தக்கது. கடல்கடந்து வந்த ஓர் அயலார் நூற்றைம்பதாண்டிற்கு முன்னர்ச் செய்த செயல், 1956இலேயே தமிழை ஆட்சிமொழியாக்கிச் சட்டம் செய்த நாட்டில் ஒரு சீட்டளவும் நிறைவேறாமை நாணத்தக்கது. 2021இல் தமிழ்நாட்டரசு நீரிழிவு மருந்தை வீடுதேடிக் கொடுக்கத் தொடங்கிய திட்டத்திற்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று பெயர் அமைந்தது. படியாதார்க்கும் பொருள் விளங்கிற்று. பெயரில் வந்த தமிழ் சீட்டிலும் வருதல் வேண்டும்.

தமிழன்பர் தம்மையும் நோக்கிக்கொள்ளல் வேண்டும். கலைச்சொல் ஆக்கி ஏட்டில் வைத்துப் பூட்டுவது தொண்டாகாது. அச்சொல் நோயாளியின் கட்டிலருகே சென்று சேர்வதே தொண்டு. இன்னொன்றும் உண்டு. 'தமிழ்மருந்து' என்னும் பெயரால், நாற்பது நாளில் நீரிழிவை வேரறுப்பேன், இன்சுலினை இன்றே நிறுத்து என்று விளம்பரம் செய்வார் பெருகியுள்ளனர். அவர் சொல்லை நம்பி மருந்தை நிறுத்தியவர்க்கு நேரும் கேடு தமிழ்மருத்துவத்தின் பெயரையே கெடுக்கும். கருப்பட்டியும் வெல்லமும் தமிழர் பண்டமே. ஆயினும் அவையும் குருதியில் இனிப்பே ஆகும். கேழ்வரகு நம் கூலமே. ஆயினும் நைய அரைத்துக் கூழாய்ச் சட்டி நிறையக் குடித்தால் அதுவும் விரைந்து இனிப்பேற்றும். பழந்தமிழர் உணவு நல்லதாய் இருந்தது அதன் பெயரால் மட்டுமன்று. அதை உண்டவர் உழைத்த உழைப்பாலும் ஆகும். தட்டிற் பாதி காய்கறியும் கீரையும், காற்பங்கு மீனோ பருப்போ, எஞ்சிய காற்பங்கே சோறு என்பது காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் எவர்க்கும் இயலக்கூடிய அளவு. மீனைப் பொரிப்பதினும் குழம்பாக்குதல் நன்று.

வேண்டுவன சிலவே. அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை என்னும் வேறுபாடின்றி மருந்துச் சீட்டில் உண்ணும் முறை தமிழில் இருத்தல் வேண்டும். ஆய்வுத் தாளில் வெறுவயிற்றளவு, உண்டபின் அளவு, கடந்த மூன்று திங்களின் நிலையைக் காட்டும் அளவு என்று தமிழில் எழுதி, ஒவ்வொன்றிற்கும் எதிரே 'நன்று', 'எல்லை', 'மிகுதி' எனக் குறித்தல் வேண்டும். காற்காப்பு முறை ஒவ்வொரு நீரிழிவுடையார்க்கும் ஒரு தாளிற் கிடைத்தல் வேண்டும். துறைமுகத்திலும் தொழிற்சாலைகளிலும் தொழிற்சங்கங்கள் கூலியுயர்வைக் கேட்கும் அதே வாயால், ஆண்டிற்கொரு குருதியாய்வும் அதன் முடிவு தமிழிலும் வேண்டும் எனக் கேட்டல் வேண்டும்.

அதுவரை ஒவ்வொரு தமிழரும் செய்யக்கூடியது ஒன்றுண்டு. அடுத்த முறை மருத்துவர் முன் அமரும்போது, 'ஐயா, இதைத் தமிழில் எழுதித் தருக' என்று தாழ்வின்றி, சினமின்றி, அழுத்தமாய்க் கேட்க. ஒருவர் கேட்பின் வியப்பு. நூற்றுவர் கேட்பின் வழக்கம். நாடே கேட்பின் சட்டம். மொழியைக் காத்தல் ஏட்டைக் காத்தல் மட்டுமன்று. இராயபுரத்து உழைப்பாளியின் காலையும் கண்ணையும் காத்தலும் ஆகும்.