சுண்டு விரலுக்கு உண்டு, படத்துக்கு இல்லையா?

நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்த எல்லோருக்கும் ஒரு பாஷை தெரியும். சுண்டு விரலைத் தூக்கிக் காட்டினால் ஒன்றுக்கு. இரண்டு விரல் காட்டினால் ரெண்டுக்கு. பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு வார்த்தை பேசாமல் முடிகிற காரியம். டீச்சரும் கரும்பலகையில் எழுதிக்கொண்டே தலையை ஆட்டுவார். "வாயைத் திறந்து முழு வாக்கியமாக் கேட்டாத்தான் விடுவேன்" என்று எந்த டீச்சரும் என்னிடம் சொன்னதில்லை.

என் நண்பரின் பேரனிடம் சொல்லியிருக்கிறார்கள்.

பையனுக்கு எட்டு வயது. மூன்றாம் வகுப்பு. ஆட்டிசம். காது நன்றாகக் கேட்கும், சொல்வது புரியும், கணக்கு வேகமாக வரும். பேச்சு மட்டும் வேண்டும்போது வராது. அதனால் அவனுடைய அம்மா 24 சின்னப் படங்களை ஜெராக்ஸ் கடையில் கலர் பிரிண்ட் போட்டு, லேமினேட் செய்து, ஒரு வளையத்தில் கோத்து, சாவிக்கொத்து மாதிரி அவன் பெல்ட்டில் மாட்டிவிட்டிருக்கிறார். தண்ணீர். பாத்ரூம். வலிக்குது. சத்தம் அதிகம். உதவி வேணும். போதும். இந்த மாதிரி. பாத்ரூம் போக வேண்டுமானால் அந்தப் படத்தை எடுத்து டீச்சரிடம் நீட்டுவான். அவ்வளவுதான்.

ஜூன் மாதம் புது வகுப்பு, புது டீச்சர். முதல் வாரமே அந்தக் கொத்து பிடுங்கப்பட்டு பீரோவுக்குள் போய்விட்டது. சொன்ன காரணங்கள் மூன்று. ஒன்று, விளையாட்டுச் சாமான் கொண்டுவரக் கூடாது என்பது பள்ளி விதி. இரண்டு, மற்ற பிள்ளைகளுக்குக் கவனம் சிதறும். மூன்றாவதுதான் முக்கியம்: "இதைக் கையில கொடுத்துக்கிட்டே இருந்தா அவன் எப்பதான் பேசக் கத்துப்பான்?"

மூன்றாம் நாள் பையன் டிரவுசரிலேயே போய்விட்டான். வகுப்பே சிரித்திருக்கிறது. தன் மணிக்கட்டைத் தானே கடித்துக்கொண்டிருக்கிறான். கையைப் பிடித்து இழுத்த ஆயாவைத் தள்ளிவிட்டிருக்கிறான். மறுநாள் அப்பாவுக்கு போன். "உங்க பையன் வயலன்ட்டா இருக்கான் சார். நீங்களாவே டி.சி. வாங்கிக்கிட்டா உங்களுக்கும் மரியாதை, எங்களுக்கும் நல்லது."

துணைக்கு நானும் போனேன். தலைமையாசிரியை மரியாதையாகத்தான் பேசினார். காபி கூட வந்தது. "நாங்க என்ன ஸ்பெஷல் ஸ்கூலா சார் நடத்தறோம்? அவன் வாயைத் திறந்து கேக்கட்டும், கொடுக்கறோம்" என்றார். அவர் அறைக்கு வெளியே வராந்தாச் சுவரில் ஒரு பெரிய படம். ஒரு சிறுமி உதட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டிருக்கிறாள். கீழே ஒரு எழுத்துகூட இல்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை, எல்லாக் குழந்தைக்கும் புரியும். ஆக, 40 பிள்ளைகளை வாயை மூடச் சொல்ல அந்தப் பள்ளிக்குப் படம் உதவும். ஒரு பிள்ளை தனக்குத் தாகம் என்று சொல்லப் படம் உதவாது.

இந்த நாடே படத்தைக் காட்டித்தான் ஜனநாயகம் நடத்துகிறது. 1951-52ல் முதல் பொதுத் தேர்தல் நடந்தபோது மக்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி வைத்து, அதன் மேல் சின்னத்தை ஒட்டினார்கள். "முதல்ல படிச்சிட்டு வா, அப்புறம் ஓட்டுப் போடலாம்" என்று யாரும் திருப்பி அனுப்பவில்லை. இன்றைக்கும் பி.எச்டி. வாங்கியவர்கூட மெஷினில் சின்னத்தைத்தான் தேடுகிறார். பிரதமரைத் தேர்ந்தெடுக்கப் படம் போதும் என்றால் பாத்ரூம் போவதற்குப் போதாதா?

சரி, "படம் கொடுத்தால் பேச்சு வராது" என்ற வாதத்துக்கு வருவோம். இதைச் சொல்வது அந்த டீச்சர் மட்டுமில்லை. பாட்டிகள் சொல்கிறார்கள், பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார், சில டாக்டர்களும் சொல்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் உண்மை வேறு. படத்தைக் கொடுத்துப் பொருளை வாங்கும் முறையை ஆன்டி பாண்டி, லோரி ஃப்ராஸ்ட் என்ற இருவர் 1985ல் அமெரிக்காவின் டெலவேரில் ஆட்டிசக் குழந்தைகளுக்காகவே உருவாக்கினார்கள். அதற்குப் பின் வந்த ஆராய்ச்சிகள் ஏராளம். மில்லர், லைட், ஷ்லோசர் என்ற மூன்று பேர் 2006ல் ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டார்கள். படம், சைகை, கருவி என்று மாற்று வழிகளில் பழகியவர்களின் பேச்சு என்ன ஆனது என்பதுதான் கேள்வி. ஆதாரம் உறுதியாக இருந்த 27 பேரில் ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை. பெரும்பாலோருக்குக் கூடியிருந்தது. கொஞ்சமாகத்தான் கூடியது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். படம் பேச்சை வரவழைக்கும் மந்திரம் இல்லை. ஆனால் பேச்சு வருகிறதோ இல்லையோ, அதுவரை அந்தப் பிள்ளை தாகத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இந்தப் பையன் சுத்தமாகப் பேசாதவன் இல்லை. வகுப்பில் சத்தம் அதிகமானால் திடீரென்று, "படியில நிக்காதே, உள்ள போ, உள்ள போ" என்பான். அச்சு அசல் டவுன் பஸ் கண்டக்டர் குரல். புது டீச்சர், தன்னைக் கிண்டல் செய்கிறான் என்று நினைத்துக் காதைத் திருகியிருக்கிறார். பக்கத்து பெஞ்ச் பெண் குழந்தைக்கு அதன் அர்த்தம் தெரியும். கூட்டம் நெருக்குகிறது, தாங்க முடியவில்லை என்பதைத்தான் அவன் தனக்குக் கிடைத்த வாக்கியத்தில் சொல்கிறான். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லும் இந்தப் பழக்கத்தை, 1943ல் லியோ கேனர் முதன்முதலாக 11 குழந்தைகளைப் பற்றி எழுதியபோதே குறிப்பிட்டிருக்கிறார். அது வெறும் உளறல் அல்ல, அதற்குள் கேள்வி இருக்கும், கோரிக்கை இருக்கும், மறுப்பு இருக்கும் என்று 1980களில் பேரி பிரைசான்ட் போன்றவர்கள் காட்டிவிட்டார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் எட்டு வயதுப் பெண் இதையெல்லாம் படிக்கவில்லை. கவனித்திருக்கிறாள், அவ்வளவே.

நம் அரசாங்கத் தமிழில் ஆட்டிசத்துக்கு என்ன பெயர் தெரியுமா? 'புற உலகச் சிந்தனையற்ற' நிலையாம். எந்த அதிகாரி எந்த மத்தியான வேளையில் மொழிபெயர்த்தாரோ! படத்தை எடுத்துக்கொண்டு டீச்சரைத் தேடி வந்து நீட்டுகிறவனுக்குப் புற உலகச் சிந்தனை இல்லையாம். அதைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டியவர்களுக்கு இருக்கிறதாம்.

சட்டம் பேசாமல் இந்த விஷயத்தை விட முடியாது. 1995ல் வந்த ஊனமுற்றோர் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. ஆட்டிசம் அதில் இல்லை. 2016ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைச் சேர்த்தது, ஆட்டிசமும் உள்ளே வந்தது. அந்தச் சட்டத்தில் 'தகவல் தொடர்பு' என்பதற்கு விளக்கமே எழுதியிருக்கிறார்கள். பேச்சுக்குத் துணையாகவும் மாற்றாகவும் உள்ள முறைகள் எல்லாம் அதில் அடக்கம். 16வது பிரிவு, அரசு அங்கீகாரம் பெற்ற எந்தப் பள்ளியும் பாகுபாடு இல்லாமல் சேர்த்து, அந்தந்தப் பிள்ளையின் தேவைக்கேற்ற ஏற்பாட்டைச் செய்ய வேண்டும் என்கிறது. 17வது பிரிவு, பேசச் சிரமப்படுகிறவர்களின் அன்றாடத் தேவைக்கு இந்த மாற்று முறைகளை வளர்க்கச் சொல்கிறது. மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். திரும்பத் திரும்ப மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை. 'நாங்க ஸ்பெஷல் ஸ்கூல் இல்லை' என்பது இந்தச் சட்டத்துக்கு முன்னால் பதிலே இல்லை.

கல்வி உரிமைச் சட்டம் வேறு இருக்கிறது. எட்டாம் வகுப்பு முடிகிறவரை பிள்ளையை வெளியேற்றக் கூடாது என்கிறது. அதனால்தான் யாரும் வெளியேற்றுவதில்லை. "நீங்களாவே வாங்கிக்கிட்டா மரியாதை" என்கிறார்கள். பெற்றோர் கையெழுத்துப் போட்டுக் கேட்டதாகக் காகிதம் பேசும். இதைப் படிக்கிற பெற்றோர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எதைச் சொன்னாலும் எழுத்தில் தரச் சொல்லுங்கள். நீங்களும் எழுத்தில் கேளுங்கள். படக் கொத்தை எடுத்துவைக்கச் சொன்னால், "என் மகனின் தகவல் தொடர்புச் சாதனத்தை எந்த விதிப்படி எடுத்தீர்கள்?" என்று ஒரு கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். பதில் வராவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு மனு போடுங்கள். சண்டைக்காரப் பெற்றோர் என்று பெயர் வரும். வரட்டும்.

அந்த டீச்சர் மேல் எனக்குக் கோபம் உண்டு, ஆனால் முழுக் கோபமும் அவர் மேல் இல்லை. 42 பிள்ளைகளை ஒற்றை ஆளாக மேய்க்கிறார். ஆட்டிசம் பற்றி ஒரு மணி நேரம்கூட அவருக்கு யாரும் பயிற்சி கொடுத்ததில்லை. தொடக்க வகுப்புகளில் 10 சிறப்புக் குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் நடுநிலை வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று உச்ச நீதிமன்றம் 2021ல் சொல்லிவிட்டது. இந்தப் பள்ளியில் ஒருவர்கூட இல்லை. ஆனால் தனி வேன், தனி யூனிஃபார்ம், ஏ.சி. வகுப்பு எல்லாம் உண்டு.

நான் கேட்பது அவ்வளவு பெரிய பயிற்சியும் இல்லை. 24 படங்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். கொத்து எப்போதும் பையன் இடுப்பில் இருக்க வேண்டும், பரிசாகக் கொடுப்பதற்கோ தண்டனையாகப் பிடுங்குவதற்கோ அது சாக்லேட் இல்லை. கேள்வி கேட்டுவிட்டுக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். நாம் இரண்டு விநாடியில் பொறுமை இழந்து அதே கேள்வியை வேறு வார்த்தையில் கேட்டுவிடுகிறோம், அவன் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. "என் கண்ணைப் பார்த்துச் சொல்லு" என்பதை விட்டுவிடலாம். கண்ணைப் பார்க்காமலே கேட்க முடியும் அவனால். அன்றைய பாட வேளைகளைப் படமாகப் பலகையின் ஓரத்தில் ஒட்டிவைத்தால், விளையாட்டு பீரியட் ரத்தாகும்போது வரும் ரகளையில் பாதி குறையும்.

வசதி இருப்பவர்களுக்கு மென்பொருளும் இருக்கிறது. அஜித் நாராயணன் என்ற ஐ.ஐ.டி. பொறியாளர், சென்னை வித்யாசாகர் அமைப்பின் குழந்தைகளோடு பழகி உருவாக்கிய 'ஆவாஸ்' நம் ஊரில் பிறந்ததுதான். படத்தைத் தொட்டால் குரல் வரும். அதையும் "செல்போன், டேப் அனுமதி இல்லை" என்று வாசலிலேயே பிடுங்குகிற பள்ளிகள் உண்டு.

எச்சரிக்கையாக ஒன்று. இதே பெயரில் ஒரு ஏமாற்றும் நடக்கிறது. குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு டைப் அடிக்க வைத்து, கவிதை எழுதுகிறான், தத்துவம் பேசுகிறான் என்பார்கள். 1990களில் சோதித்தபோது, பிள்ளைக்கு ஒரு படமும் கையைப் பிடித்தவருக்கு வேறு படமும் காட்டினால், டைப் ஆனது கையைப் பிடித்தவர் பார்த்த படத்தின் பெயர்தான். மாற்று வழி வேண்டும் என்பதற்காக அடுத்தவர் குரலைப் பிள்ளையின் வாயில் திணிக்க வேண்டாம். அந்த 24 படத்தில் 'வேண்டாம்' என்ற படமும் இருக்கிறது. பையன் அதிகம் எடுப்பது அதைத்தான், அவனே எடுக்கிறான்.

நண்பரின் மகன் டி.சி. வாங்கவில்லை. கடிதம் கொடுத்தார். ஒரு வாரம் கழித்துப் பள்ளி பெரிய மனது பண்ணி, இடைவேளையில் மட்டும் கொத்தை வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தது. இடைவேளையில்தான் எல்லாப் பிள்ளைகளும் கேட்காமலே பாத்ரூம் போகிறார்களே! அடுத்த மனு ஆணையருக்குப் போயிருக்கிறது.

பழைய கொத்து இதை எழுதும் வரை பீரோவில்தான் இருக்கிறது. அம்மா புதிதாக இரண்டு கொத்து செய்திருக்கிறார். ஒன்று பையனுக்கு. இன்னொன்று பக்கத்து பெஞ்ச் பெண் தனக்கும் வேண்டும் என்று கேட்டாளாம்.