கணினியின் மறதி

மேசைக் கணினியை இயக்கியதும் வழக்கமான காட்சி தோன்றாது, அமைப்பு விபரங்கள் பிழைத்துவிட்டன என்னும் அறிவித்தல் கரிய திரையிலே நிற்கின்றது. பரீட்சைக் காலத்தில் இதனைக் காணும் மாணவர், எழுதிவைத்த குறிப்புகள் யாவும் அழிந்தனவோ என்று கலங்குவர். கலக்கம் வேண்டா. குறிப்புகள் இருப்பது சேமிப்புத் தட்டிலே. கணினி மறந்தது வேறொன்று.

தன் உறுப்புகளின் அமைப்பையும் நேரத்தையும் காத்துவைக்கக் கணினியிற் சிறு நினைவகம் ஒன்றுண்டு. 1984ஆம் ஆண்டு வெளிவந்த ஐ.பி.எம். ஏ.ரி. கணினியில் அதன் அளவு 64 பைற்று மாத்திரமே. மின்சாரம் நின்றிருக்கும் வேளையில் அதனைக் காப்பது, நாணயம் போன்றதொரு 3 வோல்ற்று மின்கலம். சில ஆண்டுகளில் அது வலுவிழக்கும். கணினியை இயக்குந்தோறும் திகதி பல ஆண்டுகள் பின்சென்று நிற்பதே அதன் அறிகுறி.

மின்னிணைப்பை முற்றாகக் கழற்றியபின், பழைய கலம் எப்பக்கம் மேலாக இருந்ததென்று கவனித்து, அதே இலக்கமுடைய புதியதை இடுக. பெரும்பாலான மேசைக் கணினிகளில் அது சி.ஆர். 2032 ஆகும். பின்னர் அமைப்புத் திரையிலே திகதியையும் நேரத்தையும் பதிந்து சேமிக்குக. பிழை மீண்டும் தோன்றின் கைதேர்ந்தவரிடம் காட்டுதல் நன்று.

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை: கழற்றிய கலத்தை மேசைமீது விடாதீர்கள். கணினிக்கு உதவாத கலத்திலும், குழந்தை விழுங்கினால் 2 மணி நேரத்துள் உணவுக்குழாயைப் புண்ணாக்கும் வலு எஞ்சியிருக்கும். விழுங்கியதாக ஐயம் எழுந்தாலே, தாமதியாது வைத்தியசாலைக்கு விரையுங்கள்.