பயன் கருதாத ஒரு கேமரா

நாள்தோறும் உடன் எடுத்துச் செல்வதற்கென ஒருவர் கேமரா வாங்கப் புகுந்தால், கடைக்காரரும் நண்பரும் முதலில் கேட்பது ‘எதற்குப் பயன்படுத்தப் போகிறீர்கள்?’ என்பதே. திருமணம் எடுக்கவா, பறவை எடுக்கவா, குழந்தைகளை எடுக்கவா? விடை சொன்னால் அதற்குரிய லென்ஸ், அதற்குரிய வேகம், அதற்குரிய விலை என்று ஒரு பட்டியல் வந்து விழும். இந்தக் கேள்வி இன்று தன் பொருளை இழந்துவிட்டது என்பது நம் கருத்து. பயனுக்கான கேமரா ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் செல்பேசியாகக் குடியேறிவிட்டது. அதற்குமேல் மற்றொன்றையும் சுமப்பதாயின், மகிழ்ச்சி ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு அதைத் தேர்வதுதான் முறை. ஜவ்வாது மலையை முன்னிறுத்தி இதைப் பேச விழைகிறோம். அம்மலையை ஏன் தேர்ந்தோம் என்பது போகப்போக விளங்கும்.

செல்பேசிக் கேமரா வந்தபின் ஒளிப்படத்தின் தொழில் மாறிவிட்டதை முதலில் நோக்க வேண்டும். படம் இன்று பெரும்பாலும் சான்று. கல்லூரிகளில் பணியாற்றும் எவருக்கும் இது தெரியும். கருத்தரங்கு நடந்தால் படம். மரக்கன்று நட்டால் படம். நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கென மாணவர்களை மலைக்கு அழைத்துச் சென்றால், பதாகையைப் பிடித்தபடி நிற்கும் படம். படத்தின் மூலையில் அட்சரேகை, தீர்க்கரேகை, நாள், மணி எல்லாம் பொறித்திருத்தல் வேண்டும். தரச்சான்று வழங்க வருவோர் கேட்பது அதைத்தான். நட்ட கன்று பிழைத்ததா என்று யாரும் கேட்பதில்லை; கன்றுக்குப் படம் இருக்கிறதா என்றே கேட்கிறார்கள்.

கல்லூரிக்கு வெளியேயும் இதே நிலைதான். தேசிய ஊரக வேலையுறுதித் திட்டப் பணியிடங்களில் 2023 சனவரி முதல் செல்பேசிச் செயலி வழியாகவே வருகைப் பதிவு என்பது கட்டாயமாக்கப்பட்டது. வேலைக்கு வந்தோரை நாளொன்றுக்கு இருமுறை, இடக்குறியீட்டுடன் படமெடுத்து ஏற்ற வேண்டியிருந்தது. அலைவரிசை கிட்டாத சிற்றூர்களில் இது எத்துணைத் தொல்லை தந்தது என்பது நாடெங்கும் பேசப்பட்டது. வெயிலில் மண் சுமந்த பெண்மணி, தாம் மண் சுமந்ததற்குச் சான்றாகக் கேமராமுன் நிற்க வேண்டியிருந்தது. இதுவும் ஒளிப்படமே, பயனுள்ள ஒளிப்படம். பயன் என்னும் சொல்லை நாம் சற்று ஐயத்தோடு நோக்கக் கற்றது இத்தகைய படங்களிலிருந்துதான்.

செல்பேசியின் திறனைக் குறைத்துச் சொல்வது நம் நோக்கம் அன்று. அதன் பயன்திறமே நம் வாதத்துக்கு அடிப்படை. இன்றைய செல்பேசி, நாம் பொத்தானைத் தொடும் நேரத்தில் பல சட்டகங்களை அடுத்தடுத்துப் பிடித்து, அவற்றின் நல்ல பகுதிகளைக் கோத்து ஒரே படமாக்கித் தருகிறது. நிழலை வெளுப்பாக்குகிறது, வானத்தின் கூசும் ஒளியை அடக்குகிறது, கை நடுக்கத்தைச் சரிசெய்கிறது. சான்றுக்கு இது மிக நன்று. யார் நின்றார், எங்கு நின்றார் என்பது தெளிவாகத் தெரியும். ஆனால் ஜமுனாமரத்தூர்ச் சாலை வளைவில் மார்கழிக் காலையில் பனிமூட்டம் இறங்கும்போது, அம்மூட்டத்தைக் குறைபாடாகக் கருதி நீக்கித் தருவதும் அதே பொறிதான். இருளையும் அது இருளாக விடுவதில்லை. இரவை மாலையாக்கிக் காட்டும். மலையில் நாம் கண்டது ஒன்று, திரையில் எஞ்சுவது மற்றொன்று.

தமிழ் படித்தவர்களாகிய நமக்கு இம்மலையடிவாரத்தில் ஒரு முன்னோடி நூல் உண்டு. மலைபடுகடாம் செங்கண்மாத்து நன்னனைப் பாடுவது. அந்தச் செங்கண்மா இன்றைய செங்கம் என்பதும், நூல் சொல்லும் நவிரமலை பர்வதமலை என்பதும் அறிஞர் பலரும் கொள்ளும் கருத்து. நூலில் வரும் சேயாறு, ஜவ்வாது மலையில் பிறந்து இறங்கும் செய்யாறு. நூலின் வகையோ ஆற்றுப்படை. பரிசில் பெற்று வரும் கூத்தன், வறுமையில் வாடும் மற்றொரு கூத்தனுக்கு வள்ளலிடம் செல்லும் வழியைச் சொல்கிறான். இதைவிடப் பயன் கருதிய இலக்கிய வகை வேறில்லை. இங்கே திரும்பு, அங்கே தங்கு, இன்னவிடத்தில் எச்சரிக்கையாக இரு என்று வழிகாட்ட வந்த நூல் அது. எனினும், 583 அடிகள் கொண்ட அந்நூலுக்குப் பெயர் தந்தது பரிசிலும் அன்று, வழியும் அன்று. மலையில் பிறக்கும் ஓசைகள். மலையை யானையாகவும், அதில் எழும் பல்வேறு ஒலிகளை அதன் மதமாகவும் உருவகித்து வந்த பெயர். வழி சொல்ல வந்த பெருங்கௌசிகனார் நின்று காது கொடுத்தார். அருவி ஒலி, ஆடுவோர் ஒலி, காவலர் ஒலி என்று அவர் அடுக்கியவற்றால் பரிசிலுக்கு எள்ளளவும் பயனில்லை. இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்து நாம் பாடஞ்சொல்ல எஞ்சியிருப்பது பெரிதும் அந்தப் பயனற்ற பகுதியே.

நூலை விடுத்து மலைமேல் ஏறினாலும் இதே உண்மை வேறு வடிவில் நிற்கிறது. ஆலங்காயத்திலிருந்து மேலேறினால் காவலூர். ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில், காட்டுக்கு நடுவே வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. நகர விளக்குகள் எட்டாத இருளும், தென்வானத்தையும் எட்டிப் பார்க்க ஏதுவான பன்னிரண்டரைப் பாகை அட்சரேகையும் அவ்விடத்துக்குரிய சிறப்பு. 1968ஆம் ஆண்டு 38 செ.மீ. தொலைநோக்கி ஒன்றுடன் அங்கே வேலை தொடங்கியது. 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1986இல் உள்நாட்டிலேயே உருவாக்கிய 2.3 மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்டது. அதைக் கனவு கண்ட வைணு பாப்பு 1982இலேயே மறைந்துவிட்டார். கருவிக்கும் ஆய்வகத்துக்கும் அவர் பெயர் நிலைத்தது.

ஜவ்வாது மலையின் மிகப்பெரிய கேமரா எது என்று கேட்டால் காவலூரைத்தான் காட்ட வேண்டும். அங்குள்ள 45 செ.மீ. ஷ்மிட் தொலைநோக்கி, அமைப்பிலேயே ஒரு கேமராதான். வானின் அகன்ற பரப்பை ஒரே சட்டகத்தில் பிடிப்பதற்கென்றே செய்யப்படுவது அவ்வகை. அதைக் கொண்டு தேடியே 1988 பிப்ரவரியில் ஒரு குறுங்கோளைக் கண்டார்கள். கணிதமேதை ராமானுஜன் பெயரை அதற்கு இட்டார்கள். அதற்குமுன், 1977 மார்ச் 10 அன்று, யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கும் நிகழ்வை உலகின் பல இடங்களிலும் நோக்கிக்கொண்டிருந்தனர். கோள் வந்து மறைப்பதற்கு முன்பே விண்மீனின் ஒளி மங்கி மீண்டது. காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியும் அம்மங்கலைப் பதிவுசெய்தது. யுரேனசுக்கு வளையங்கள் உண்டு என்பது அந்த நாளின் நோக்கல்களிலிருந்து வெளிப்பட்டது. வளையத்தைத் தேடி அன்று ஒருவரும் உட்காரவில்லை. இதனால் மலையடிவாரத்து உழவருக்கு நெல்மணி ஒன்று கூடுதலாக விளைந்ததா என்றால், இல்லை. ஆயினும் காவலூர் வேண்டாத செலவு என்று சொல்ல நமக்கு வாய் வருமா? நோக்குவதில் உள்ள இன்பத்துக்காகவும் அறிவதில் உள்ள இன்பத்துக்காகவும் ஒரு சமூகம் கருவி செய்துகொள்ளலாம் என்பதை ஒப்புக்கொண்டால், தனிமனிதர் ஒருவர் கால் கிலோ எடையில் ஒன்றை வைத்துக்கொள்வதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இவ்விடத்தில் ஒரு தடை எழும். இது ஆடம்பரம் அல்லவா? சாமையும் புளியும் தேனும் விற்று வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்களுக்கிடையே, பொழுதுபோக்குக்கென ஒரு கேமராவுடன் நடப்பது தகுமா? தடை பழையது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராயிருந்த லின்னேயஸ் டிரைப், 1857 இறுதியிலும் 1858இலும் மாட்டு வண்டிகளில் கருவிகளை ஏற்றிக்கொண்டு திருவரங்கம், மதுரை, தஞ்சை என்று சுற்றினார். தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளக் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படிகளை ஒட்டி, ஏறத்தாழ ஆறு மீட்டர் நீளத்தில் ஒரே படமாக்கினார். 1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், அரசின் நிதிநிலைக்கு ஒவ்வாத ஆடம்பரம் இது என்று அப்பணியை நிறுத்திவைத்தார். கணக்குப் பார்த்தவர் கணக்கு அன்று சரியாகவே இருந்திருக்கும். இன்று அப்படங்களை அருங்காட்சியகங்கள் போற்றிக் காக்கின்றன. நம் கைப்படங்கள் அந்த நிலைக்கு உயரும் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆடம்பரம் என்ற தீர்ப்பை அவசரத்தில் எழுதக்கூடாது என்பதற்கே இதைச் சொன்னோம்.

மேலும், மகிழ்ச்சிக்கும் விலைக்கும் நேர்த்தொடர்பு இல்லை. 1970, 80களில் நடுத்தரக் குடும்பங்களில் புழங்கிய அக்ஃபா கிளிக் III, பரோடாவில் செய்யப்பட்ட எளிய பெட்டி. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு சதுரப் படங்கள். மாற்றியமைக்க அதில் பெரிதாக ஒன்றுமில்லை. சுருளுக்கோ வெளிநாட்டை எதிர்பார்க்க வேண்டாம் என்று உதகையில் 1960இல் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நிறுவப்பட்டது. ‘இந்து’ என்ற பெயரில் அதன் ஃபிலிம் வந்தது. அந்தப் பெட்டி பழுதில்லாத கருவி அன்று. ஆனால் பன்னிரண்டே படம் என்பதால் ஒவ்வொன்றுக்கும் முன் ஒரு நிற்றல் இருந்தது. அந்த நிற்றல்தான் இன்பம். செல்பேசி அதை நம்மிடமிருந்து பறித்துக்கொண்டது என்பதைவிட, அதை நினைவுபடுத்தவில்லை என்பது பொருத்தம்.

எனவே தேர்வைப் பற்றிச் சில சொற்கள். ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர் சங்கக் கணக்குப்படி 2010இல் உலகச் சந்தைக்கு அனுப்பப்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் ஏறத்தாழ 12 கோடி. 2023இல் 80 லட்சத்துக்கும் குறைவு. பயனுக்கு வாங்கியவர்கள் செல்பேசிக்குப் போய்விட்டார்கள். எஞ்சியவர்களுள் ஒரு சாரார் தொழில்முறையாளர். மற்றவர் விரும்பி வாங்குவோர். விரும்பி வாங்குவோருக்கென்றே சில கருவிகள் தொடர்ந்து வருகின்றன. ரிக்கோ ஜி.ஆர். வரிசை ஓர் எடுத்துக்காட்டு. 1996இல் ஃபிலிம் கேமராவாகத் தொடங்கி 2005இல் டிஜிட்டலுக்கு வந்தது. 2019இல் வந்த ஜி.ஆர். III, மின்கலத்தோடு சேர்த்தும் 257 கிராம்தான். அகன்ற பார்வையுள்ள ஒரே லென்ஸ், ஜூம் கிடையாது, கண்ணில் வைத்துப் பார்க்கும் துளை கிடையாது, மழைக்குக் காப்புக் கிடையாது, ஒரு மின்னேற்றத்துக்கு ஏறத்தாழ 200 படம். பயன்பட்டியலில் இது தேறாது. பீமன் அருவிச் சாரலில் அதைத் துணியால் பொதிந்துகொள்ள வேண்டியிருக்கும். மரக்கிளையில் அமர்ந்த இருவாட்சியை அது புள்ளியாகவே காட்டும். நம் தோள்பையில் கிடப்பதும் இவ்வினத்தைச் சேர்ந்த பழைய கருவி ஒன்றுதான். ஒருவர் பயன்படுத்தி விற்றதை வாங்கியது. தொலைவிலுள்ளதை இழுத்து வரும் வசதி இல்லாததால் நடந்து அருகே செல்கிறோம். நடக்க முடியாத இடத்தில் உள்ளதைப் பார்த்துவிட்டு மட்டும் வருகிறோம். படத்தை அப்போதே எவருக்கும் அனுப்ப இயலாது. ஆதலால் அது சில நாள் நம்முடையதாகவே இருக்கிறது.

அளவுகோல் எளியது. எதைக் கையில் எடுத்தால் வெளியே போகத் தோன்றுகிறதோ, எதைப் பையில் வைத்திருப்பதால் மாலைச் சுற்றுக்கு வேறு பாதையைத் தேர்கிறீர்களோ, அதுவே உங்களுக்கான கேமரா. சிலருக்கு அது ஃபிலிம் கேமராவாக இருக்கும். சிலருக்குத் தந்தையார் விட்டுச்சென்ற பழம்பெட்டி. பொத்தானின் ஓசை பிடித்திருக்கிறது என்பதுகூடப் போதிய காரணம். வீணைக்காரர் தம் வீணையைத் தேர்வதில் நாதத்தோடு தொடுவுணர்ச்சியும் சேர்வதை நாம் குறை சொல்வதில்லையே.

ஒன்றை மட்டும் இங்கே விலக்கிச் சொல்ல வேண்டும். நம் மகிழ்ச்சிக்குப் பிறரைப் பொருளாக்கும் உரிமை இதில் அடங்காது. கோடை விழாக் காலத்தில் மலைக்கு வருவோர், களத்தில் சாமை புடைக்கும் மூதாட்டியை எட்ட நின்று குறிபார்த்துவிட்டு வண்டியேறுவதைக் காணலாம். அலுவலர் எடுக்கும் சான்றுப்படத்தில் அம்மூதாட்டி ஒரு வருகைப்பதிவு. சுற்றுலாப் பயணி எடுக்கும் படத்தில் ஒரு காட்சிப்பொருள். இரண்டிலும் அவரைக் கேட்டவர் இல்லை. நம் சிறு கேமராவுக்கு அருகே செல்வதைத் தவிர வேறு வழியில்லை. அருகே சென்றால் பேச வேண்டும். பேசினால் ‘எடுக்கலாமா ஆயா?’ என்று கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் மூடி வைக்க வேண்டும். எடுத்தால், அடுத்தமுறை போகும்போது அட்டைப்படமாக ஒன்று கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். சுவரில் மாட்டும் ஓர் அட்டைப்படத்துக்கு அம்மலையூர்களில் இன்றும் மதிப்புண்டு. எதையும் மெய்ப்பிக்க வேண்டியிராத அந்தப் படத்தில் மனிதர்கள் இயல்பாக நிற்கிறார்கள் என்பதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம்.

சான்றுகள் தேவைதாம், அவற்றுக்குச் செல்பேசி இருக்கிறது, இருக்கட்டும். ஆனால் ஒருவர் வாழ்நாளில் எடுக்கும் படங்கள் அனைத்தும் யாரோ ஒருவருக்குக் காட்டும் கணக்காகவே முடிந்துவிடுமானால், கண் படைத்ததன் பேறு என்ன? பயனைக் கணக்கிட்டு வாங்கிய பெரிய கேமராக்கள் பல வீடுகளில் அலமாரியின் மேல்தட்டில் பூஞ்சை பிடித்துக் கிடக்கின்றன. எடுத்துச் செல்லாத கேமராவுக்கு எத்தனை வசதி இருந்தென்ன? விருப்பத்தால் வாங்கியது மட்டும் தினமும் பையில் ஏறுகிறது. பயன் என்ற கண்கொண்டு பார்த்தாலும் வெல்வது அதுவே.