தடையில்லாச் சான்று தரச் சான்று ஆகாது

நம் வட்டார வணிகர்களிடையே வெளிமாநிலத்துப் பழைய கார், ஜீப் வாங்கும் ஆசை இப்போது அதிகமாகியிருக்கிறது. அதற்குக் காரணமும் உண்டு. மணப்பாட்டுக் கடலில் அலைச்சறுக்கு விளையாட வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். திருச்சிலுவை ஆலயத்துக்கும் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயிலுக்கும் கூட்டம் வருகிறது. தங்கும் விடுதி, உணவுக்கடை நடத்துவோருக்கு அகன்ற டயரும் திறந்த மேற்கூரையும் கொண்ட ஒரு ஜீப் வாசலில் நின்றால் அதுவே விளம்பரம் என்ற எண்ணம் வருவது இயல்பு. இங்கே புது வண்டிக்கு ஆகும் தொகையில் பாதிக்கும் குறைவாக அங்கே கிடைக்கிறது என்றால் யாருக்குத்தான் மனம் போகாது?

ஆனால் விலை குறைவாக இருப்பது ஏன் என்று கேட்காமல் சரக்கு எடுக்கும் வழக்கம் வணிகரிடம் கிடையாது. அந்தக் கேள்வியை இந்த வண்டிகளிடமும் கேட்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வகை வண்டிகள் பெரும்பாலும் இரண்டு திசைகளிலிருந்து வருகின்றன. ஒன்று, நமக்கு அடுத்த கேரளம். அங்கே வண்டியை உருமாற்றி அழகு பார்க்கும் பழக்கம் இளைஞர்களிடையே நெடுங்காலமாக உண்டு. மற்றொன்று வடக்கு. ஹரியானாவின் சிர்சா மாவட்டத்தில், பஞ்சாப் எல்லையை ஒட்டியுள்ள மண்டி டப்வாலி என்னும் ஊர் ஜீப் கட்டுவதற்கே பெயர் பெற்றது. இராணுவம் கழித்து ஏலம் விட்ட ஜீப்புகளையும் பழைய உதிரிப் பாகங்களையும் கொண்டு பட்டறைகளில் புது உருவம் கொடுத்து விற்கும் தொழில் அங்கே வளர்ந்தது. பார்வைக்கு அம்சமான வண்டிகள்தாம். பார்வைக்கு நன்றாக இருப்பது வேறு, பதிவு ஆவது வேறு.

வெளிமாநில வண்டியை நம் பெயருக்கு மாற்றும் முறை பலருக்கும் தெரிந்ததே. விற்பவர் தம் ஊர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 28-ஆம் எண் படிவத்தில் விண்ணப்பித்துத் தடையில்லாச் சான்று வாங்கித் தர வேண்டும். வண்டியின் பேரில் கடன் இருந்தால், 35-ஆம் எண் படிவத்தில் கடன் தீர்ந்த ஒப்புதல் வேண்டும். பிறகு இங்கே 27, 29, 30-ஆம் எண் படிவங்கள், இன்சூரன்ஸ், புகைச் சான்று, முகவரிச் சான்று ஆகியவற்றுடன் வண்டியை ஆய்வாளர் முன் நிறுத்த வேண்டும். அவர் சேசிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் பார்த்து, ஆர்.சி. புத்தகத்தில் உள்ளபடி வண்டி இருக்கிறதா என்று ஒத்துப் பார்ப்பார். அதன் பின் ஆயுள் வரி கட்டினால் தமிழ்நாட்டு எண் கிடைக்கும்.

இதில் நம்மவர்கள் தடுமாறும் இடம் ஒன்றே ஒன்று. தடையில்லாச் சான்று கைக்கு வந்ததும் "எல்லாம் சரியாகிவிட்டது" என்று முழுப் பணத்தையும் கொடுத்துவிடுகிறார்கள். அந்தச் சான்று என்ன சொல்கிறது என்று பார்ப்பதில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 48-ஆம் பிரிவின்படி, சான்று தருமுன் அதிகாரி முக்கியமாகப் பார்ப்பவை இரண்டு. திருட்டு வழக்கு எதுவும் இல்லை என்ற போலீஸ் அறிக்கை ஒன்று. வரி பாக்கி இல்லை என்பது மற்றொன்று. முப்பது நாட்களுக்குள் மறுப்புத் தெரிவிக்காவிட்டால் சான்று வழங்கப்பட்டதாகவே கருதப்படும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. வண்டி இந்த மாநிலத்தை விட்டுப் போவதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்பதே அதன் பொருள். வண்டி கம்பெனியில் இருந்து வந்தபடி இருக்கிறது என்று அது எங்கும் உறுதி கூறவில்லை. அந்தச் சோதனை நம் ஊர் ஆய்வாளர் முன்னால்தான் நடக்கிறது. அப்போது நம் பணம் எல்லை தாண்டிப் போயிருக்கும்.

உருமாற்றத்தைப் பற்றிச் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 52-ஆம் பிரிவு 2000-ஆம் ஆண்டில் திருத்தப்பட்டது. அதன்படி, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்ற எந்த உரிமையாளருக்கும் அதிகாரம் இல்லை. இதன்மேல் கேரளத்திலிருந்து ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. வாகன உரிமையாளருக்குச் சாதகமாகக் கேரள உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பை மாற்றி, உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9 அன்று தீர்ப்பளித்தது. தயாரிப்பாளரின் மூல அமைப்புக்கு மாறாக மாற்றப்பட்ட வண்டியைப் பதிவு செய்ய இயலாது என்பதே அதன் சாரம். அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டம் 182-ஏ பிரிவைச் சேர்த்தது. அனுமதியில்லாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

எல்லா மாற்றமும் குற்றம் என்று பயந்துவிட வேண்டாம். நிறம் மாற்றினால் தெரிவித்துப் பதிந்துகொள்ளலாம். அங்கீகரிக்கப்பட்ட எரிவாயுக் கருவியை நிபந்தனைகளுக்கு உட்பட்டுப் பொருத்தலாம். அனுமதி பெற்று, அதே வகை என்ஜினை மாற்றலாம். மாற்றுத் திறனாளிகளுக்காக வண்டியைத் தகுந்தபடி அமைத்துக்கொள்ளவும் வழி உண்டு. இவை அனைத்தும் ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும் என்பதே விதி. சேசிஸை வெட்டி நீட்டுவதும் குறுக்குவதும், மூடிய வண்டியைத் திறந்த வண்டியாக்குவதும், வேறு கம்பெனி என்ஜினை ஏற்றுவதும் இந்த வரிசையில் சேரா.

இதை வணிகர்களுக்கு விளக்குவது எளிது. நம் கடைத் தராசுக்கு எடையளவுத் துறை முத்திரை போடுகிறது. முத்திரை போட்ட பிறகு தராசின் உள்ளே கைவைத்தால் அந்த முத்திரைக்கு என்ன மதிப்பு? வண்டிக்கும் அப்படியே. ஒரு மாடலை விற்பனைக்கு விடுமுன் அதன் பிரேக், எடை, விளக்கு, மோதல் பாதுகாப்பு எல்லாம் சோதிக்கப்பட்டு ஒப்புதல் பெறுகின்றன. அந்த ஒப்புதலின் மேல்தான் ஆர்.சி. நிற்கிறது. உயரத்தைக் கூட்டி, பெரிய டயர் மாட்டி, எடையை மாற்றிய வண்டிக்குப் பழைய பிரேக் போதுமா என்பதை எவரும் சோதித்துப் பார்க்கவில்லை. திருச்செந்தூர்ச் சாலையில் எதிரே வருபவருக்கும் உயிர் உண்டு அல்லவா?

இனி, பதிவு மறுக்கப்பட்டால் வரும் நஷ்டத்தைப் பார்ப்போம். பழைய மாநிலத்துக் கணக்கில் வண்டி வெளியேறிவிட்டது. புது மாநிலம் ஏற்கவில்லை. திருப்பி அனுப்ப வேண்டுமானால் இங்கே பதிவாகவில்லை என்று எழுதி வாங்கி, அங்கே கொடுத்த சான்றை ரத்து செய்ய வேண்டும். அதற்கு விற்றவரின் ஒத்துழைப்பும் வேண்டும். பணம் வாங்கியவர் தொலைபேசியை எடுப்பாரா என்பது அவரவர் யோகம். மூல நிலைக்குக் கொண்டு வரலாம் என்றால், பழைய மாடலுக்குப் பாகம் கிடைக்க வேண்டும். சேசிஸையே வெட்டியிருந்தால் அந்த வழியும் அடைபட்டுவிடும். இதற்குள் நம் ஊர் உப்புக்காற்று தன் வேலையைச் செய்துவிடும். கடற்கரையில் ஓடாமல் நிற்கும் இரும்பு என்ன ஆகும் என்று மணப்பாட்டுக்காரருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

பதிவு செய்யாமலே ஓட்டிவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். விபத்து நேர்ந்தால், தெரிவிக்காத உருமாற்றத்தைக் காட்டி இன்சூரன்ஸ் நிறுவனம் கையை விரிக்க இடம் கிடைக்கும். விற்றவரும் தப்ப முடியாது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் ஒரு வழக்கில் கூறியிருக்கிறது. பழைய வண்டியை விற்கும் நம் உறுப்பினர்களும் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

சட்டத்தைத் தளர்த்தும்படி நாம் கேட்கப் போவதில்லை. ஆனால் இன்றைய நடைமுறையில் உருமாற்றியவர் லாபம் பார்க்கிறார், இடைத்தரகர் கமிஷன் பார்க்கிறார், கடைசியில் வாங்கியவர் மட்டுமே சுமக்கிறார். இது நியாயம் அன்று. ஆகவே மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறோம். முதலாவது, தடையில்லாச் சான்று தருமுன் வண்டியை நேரில் பார்த்து, ஆர்.சி.யோடு ஒத்திருக்கிறது என்று எழுதுவது கட்டாயமாக வேண்டும். இரண்டாவது, பணம் கொடுக்குமுன் வாங்குபவர் சிறு கட்டணம் செலுத்தி, வண்டி இங்கே பதிவுக்கு உரியதா என்று எழுத்தில் அறிந்துகொள்ள வழி வேண்டும். மூன்றாவது, அறியாமல் வாங்கியவர் வண்டியை மூல நிலைக்குக் கொண்டுவர முன்வந்தால், தண்டிக்காமல் உரிய கால அவகாசம் தர வேண்டும். இவற்றால் அரசுக்கு வரி நஷ்டம் எதுவும் இல்லை. முறையாகப் பதிவாகும் வண்டிகள் கூடும்.

அதுவரை நம் எச்சரிக்கையே நமக்குக் காவல். முன்பணம் கொடுக்குமுன் ஆர்.சி.யைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வாருங்கள். பாடி வகை, இருக்கை எண்ணிக்கை, எரிபொருள், நிறம் எல்லாம் அதில் இருக்கும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரமும் அதில் இருக்கிறது. ஒரு டேப் போதும், அளந்துவிடலாம். வெற்று எடையும் இருக்கிறது; பக்கத்து எடைமேடையில் ஏற்றினால் குட்டு வெளிப்பட்டுவிடும். சேசிஸ் எண் அடித்த இடத்தில் வெல்டிங் தடமோ புதுப் பெயின்டோ தெரிந்தால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். பரிவாகன் இணையதளத்தில் கடன், இன்சூரன்ஸ், தகுதிக் காலம் ஆகியவற்றைப் பாருங்கள். 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி வியாபாரிகள் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. அந்தச் சான்றைக் கேட்கத் தயங்க வேண்டாம். ஆயுள் வரியையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். 2023 நவம்பரில் புதுக் கார்களுக்கு விலைக்கேற்ப 12 முதல் 20 சதவீதம் வரை வரி உயர்ந்தது. பழைய காருக்கு அதன் வயதைப் பொறுத்துத் தொகை குறையும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, "இங்கே பதிவாகாவிட்டால் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும்" என்று விற்பவரிடம் எழுத்தில் வாங்குங்கள். நேர்மையான வண்டி என்றால் கையெழுத்துப் போட அவருக்குத் தயக்கம் இருக்காது. தயங்கினால், வந்த பஸ்ஸிலேயே ஊர் திரும்பிவிடுங்கள். பஸ் கட்டணத்தோடு நஷ்டம் முடிந்துவிடும்.