அப்பா இன்ஜினீயராக இருந்தால்தான் பிள்ளை தப்பிக்குமா?

டைப் 1 சர்க்கரை நோய் வந்த குழந்தைக்கு வாழ்நாள் முழுக்க இன்சுலின் ஊசிதான். அளவு கொஞ்சம் கூடிப்போனால் சர்க்கரை மளமளவென்று இறங்கும். தூக்கத்திலேயே வலிப்பு வரலாம். அதனால்தான் இப்படிப்பட்ட குழந்தைகளின் பெற்றோர் நள்ளிரவு 2 மணிக்கு அலாரம் வைக்கிறார்கள். போர்வைக்குள் பிள்ளையின் விரலைத் தேடிக் குத்தி, ஸ்டிரிப்பில் ஒரு சொட்டு ரத்தம் வைத்துவிட்டு, எண் வரும்வரை தவித்து நிற்கிறார் அம்மா. 70க்குக் கீழே என்றால் உடனே குளுக்கோஸ் கரைக்க ஓட வேண்டும்.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஜான் காஸ்டிக் என்ற மென்பொருள் பொறியாளரின் நான்கு வயது மகனுக்கு 2012இல் இந்த நோய் வந்தது. தோலில் ஒட்டிய சென்சார், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சர்க்கரை அளவைச் சொன்னது. ஆனால், பையனிடம் இருந்த ரிசீவரில்தான் அது தெரியும்; வேலைக்குப் போன அப்பாவுக்குத் தெரியாது. 2013இல் அந்த அளவுகளை இணையத்துக்கு ஏற்றித் தன் செல்போனில் பார்க்க அவரே நிரல் எழுதினார். பிற பெற்றோரும் சேர்ந்து அதை வளர்த்தெடுத்து, 'நைட்ஸ்கவுட்' என்ற பெயரில் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார்கள்.

சரி, தமிழ்நாட்டில் தறி நெய்பவரும் சித்தாள் வேலைக்குப் போகிறவரும் என்ன செய்வார்கள்? அவர்களுக்கு சென்சாரே எட்டாக்கனி. ஒன்றின் விலை சில ஆயிரம். இரண்டு வாரம்தான் உழைக்கும். இன்சுலின் அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைத்தாலும், ஸ்டிரிப்புக்கு மருந்துக்கடைக்குத்தான் ஓட வேண்டியிருக்கிறது. ஒன்று சுமார் 20 ரூபாய். நாளைக்கு ஐந்து என்றால் மாதம் 3,000 ரூபாய். கட்டுப்படியாகாமல் பலர் சோதனையைக் குறைக்கிறார்கள். அளவு தெரியாமல் போடுகிற ஊசி ஆபத்தில்தான் முடியும்.

பக்கத்திலேயே கேரளம் வழிகாட்டுகிறது. அங்கே 'மிட்டாயி' திட்டத்தில் டைப் 1 குழந்தைகளுக்கு இன்சுலின் பேனா, சென்சார், தேவைப்பட்டால் பம்ப் வரை அரசே தருகிறது. மத்தியக் கல்வி வாரியமான சிபிஎஸ்இயும், தேர்வறைக்குள் தின்பண்டம் கொண்டுபோக இந்தப் பிள்ளைகளை 2017இலேயே அனுமதித்துவிட்டது.

தமிழ்நாட்டில் இன்சுலினோடு ஸ்டிரிப்பும் தட்டுப்பாடின்றித் தரப்பட வேண்டும். சிறு குழந்தைகளுக்கான சென்சார் செலவை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஏற்க வேண்டும். பள்ளிக்கு ஓர் ஆசிரியருக்காவது, சர்க்கரை இறங்கினால் என்ன செய்வது என்று பயிற்சி தேவை. ஊசி போடப் பிள்ளையைக் கழிவறைக்கு அனுப்பும் அவலமும் ஒழிய வேண்டும்.

சுகாதாரத் துறையும் பள்ளிக்கல்வித் துறையும் கலந்து பேசி, ஜூனில் பள்ளி திறப்பதற்குள் அரசாணை வெளியிடட்டும்.