நெல் வண்டிக்காரரின் தூக்கம்

இந்த வாரம் என்னைக் கோபப்படுத்தியது ஒரு முழுப்பக்கக் கட்டுரை. வயதான பயணிகள் விமானங்களைச் சரக்கு விமானங்களாக மாற்றும் தொழிலைப் பற்றியது. விஷயம் சுவாரஸ்யமானதுதான். பதினைந்து இருபது வருஷம் ஆட்களை ஏற்றிப் பறந்த போயிங் 737-இன் இருக்கைகளைப் பிடுங்குகிறார்கள், ஜன்னல்களைத் தகடு போட்டு அடைக்கிறார்கள், முன்பக்கம் இடதுபுறத்தில் உடம்பை அறுத்துப் பெரிய கதவு வைக்கிறார்கள். தரையைப் பலப்படுத்தி உருளைகள் பதிக்கிறார்கள். சரக்கு சரிந்து முன்னால் வந்து விமானிகளை நசுக்கிவிடாதபடி நடுவே ஒரு கெட்டித் தடுப்பு. அப்புறம் அது இருபது டன்னுக்கு மேல் சுமந்துகொண்டு இன்னும் பல வருஷம் பறக்கும். இண்டிகோகூட 2022-இல் இப்படி மாற்றிய ஏ321 ஒன்றை இறக்கியது.

எல்லாம் இருந்தது. அந்தத் தடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை.

மாலையில் கொடுத்த பார்சல் காலையில் வந்து சேர வேண்டுமென்றால், நடுவில் யாரோ ராத்திரி முழுக்க விழித்திருக்க வேண்டும். அமெரிக்காவில் விமானிகளின் களைப்பைக் கட்டுப்படுத்த 2011-இல் புது விதி எழுதினார்கள். 2014 ஜனவரியில் அது அமலுக்கு வந்தபோது சரக்கு விமானிகளுக்குக் கட்டாயமில்லை என்று விட்டுவிட்டார்கள். ஆகும் செலவுக்குப் பலன் போதாதாம். விதி எழுதியதற்கும் அமலுக்கு வந்ததற்கும் இடையில், 2013 ஆகஸ்டில், அலபாமாவின் பர்மிங்ஹாமில் விடியும் முன் ஒரு யூபிஎஸ் சரக்கு விமானம் விழுந்து இரண்டு விமானிகளும் செத்தார்கள். களைப்புக்கும் அதில் பங்கு உண்டு என்றது விசாரணை. சம்பளமும் இதே கதைதான். அமேசானுக்காக ஒப்பந்தத்தில் பறந்தவர்கள், அதே 767-ஐ ஓட்டும் ஃபெடெக்ஸ், யூபிஎஸ் விமானிகளைவிட எங்களுக்கு ஏன் குறைவு என்று வருஷக்கணக்கில் கேட்டார்கள்.

நம் தஞ்சாவூர் வானத்தில் பறப்பது விமானப்படையின் சுகோய். திருச்சியிலிருந்து போகும் காய்கறியும் பூவும் பயணிகள் விமானத்தின் வயிற்றில்தான் போகின்றன. நம் சரக்கு நெல். அது கூட்ஸ் வண்டியில் போகிறது. அதனால் கட்டுரையைப் பாதி படிக்கும்போதே என் மனசு நீடாமங்கலத்துக்குப் போய்விட்டது.

நீடாமங்கலம் கேட்டைத் தெரியாதவர் டெல்டாவில் இல்லை. நெல் வேகன்களை ஷண்டிங் செய்யக் கேட்டை அடைத்தால், தஞ்சாவூர் பஸ், நாகப்பட்டினம் லாரி, ஆம்புலன்ஸ் எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும். சமீபத்தில் நானும் நின்றேன். "கூட்ஸ்காரன் எப்பத்தான் எடுப்பான்" என்று பைக்கில் இருந்தவர் கத்தினார். எஞ்சின் எங்களுக்கு நேராக வந்து நின்றது. உதவியாளர் தலையை வெளியே நீட்டி, பின்னாலிருந்து காட்டும் சைகையையே பார்த்துக்கொண்டிருந்தார். லோகோ பைலட் பாட்டில் தண்ணீரைக் கையில் ஊற்றி முகத்தில் அடித்துக்கொண்டார். துடைக்கவில்லை. இன்னொரு கை ஊற்றி மறுபடி அடித்துக்கொண்டார்.

பொன்மலையில் ஓய்வுபெற்ற லோகோ பைலட் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "கேட்ல நிக்கிறவங்களுக்கு அரை மணி நேரம் சார். எங்களை ஓரத்து லூப் லைன்ல போட்டா நாலு மணி நேரம், அஞ்சு மணி நேரம் நிப்போம். எக்ஸ்பிரஸ் போகணும், பாசஞ்சர் போகணும், கடைசியாத்தான் நாங்க" என்றார். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம், மயிலாடுதுறை வழியாக விழுப்புரம் வரை இன்னும் ஒற்றைப் பாதைதானே. "மெயில் ஓட்டுறவருக்கு டைம்டேபிள் இருக்கு. எங்களுக்கு முன்னால கால் பாய் வந்து கதவைத் தட்டுவான், இப்ப போன் அடிக்குது. எப்ப அடிக்கும்னு தெரியாம எப்படி சார் தூங்குறது?" பல எஞ்சின்களில் கழிப்பறை இல்லை என்பதையும் அவரே சொன்னார். இந்த வேலைக்கு உதவி லோகோ பைலட்டாகச் சேர்கிறவரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 7-வது ஊதியக் குழுப்படி 19,900 ரூபாய். ஓடிய கிலோமீட்டருக்குப் படி தனி.

இப்படி ஓட்டுகிறவர்கள் மேல்தான் பழியும் முதலில் விழுகிறது. 2024 ஜூன் 17-ஆம் தேதி மேற்கு வங்கத்தில் கஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸின் பின்னால் கூட்ஸ் வண்டி மோதியது. செத்துப்போன கூட்ஸ் லோகோ பைலட் மேல்தான் அன்றைக்கே பழி போட்டார்கள். சிக்னல் பழுதானபோது அவர் கையில் கொடுத்த அனுமதிச் சீட்டே முறையானதல்ல என்று பிறகு ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை சொன்னது. பழி முதல் பக்கத்தில் வந்த அளவுக்கு அந்தத் திருத்தம் வரவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதே மாதம்தான் தெற்கு ரயில்வே லோகோ பைலட்கள் வார ஓய்வு 46 மணி நேரம் வேண்டும், தொடர்ந்து இரண்டு ராத்திரிக்கு மேல் வேலை கூடாது என்று போராடினார்கள். கிடைத்தது சஸ்பெண்டும் இடமாற்றமும். விமானிகளுக்கு 2025 ஜூலை முதல் வார ஓய்வு 48 மணி நேரம் என்று நாடே விதி வைத்திருக்கிறது. அந்த விதிகளுக்குத் தகுந்தபடி ஆள் வைத்துக்கொள்ளாத இண்டிகோவில் அதே வருஷம் டிசம்பரில் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானபோதுதான், விமானிக்கும் தூக்கம் வரும் என்று பலருக்குத் தெரிந்தது.

2025 அக்டோபரில் குறுவை நெல் கொள்முதல் நிலைய வாசலில் நனைந்து முளைத்தபோது, மூட்டைகளை உடனே நகர்த்து என்று நாம் எல்லோரும் குரல் கொடுத்தோம். அது நியாயம். 21 வேகன்களில் 1,250 டன் நெல் அரவைக்குப் போனது என்று படத்தோடு செய்தியும் வருகிறது. விவசாயச் சங்கத்துப் பெரியவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இனி நம் எம்.பி.க்களிடம் கூடுதல் வேகன் கேட்டு மனு கொடுக்கும்போது, அந்த நெல்லை இழுத்துப் போகிறவர்களுக்கு 46 மணி நேர ஓய்வு வேண்டும் என்ற கோரிக்கையையும் அதே தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.